வெள்ளை அடித்த கேபிள்

ஆம்புலன்ஸ் சேவையின் புதிய கட்டுப்பாட்டு அறை முழுக்க வெள்ளையாக இருக்க வேண்டும் என்று டைரக்டர் முடிவு செய்தார். சுவர் வெள்ளை, மேசை வெள்ளை, நாற்காலி வெள்ளை, குப்பைக்கூடைகூட வெள்ளை. வெளிநாட்டுச் சுற்றுப்பயணம் ஒன்றில் அப்படி ஓர் அறையைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அது பால் பதப்படுத்தும் நிலையம் என்பதை உடன் போனவர்கள் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

வேலை நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் சுற்றிப் பார்க்க வந்தவரின் கண்ணில், மூலையில் இரண்டு உருளைகளில் சுற்றி வைத்திருந்த கேபிள் பட்டது.

"இது என்ன, பாம்பு மாதிரி?"

"கோஆக்சியல் கேபிள் சார்," என்றார் இன்ஜினியர். "ஒண்ணு ரேடியோவுக்கு. இங்கேர்ந்து மொட்டைமாடி ஏரியலுக்குப் போகும். இன்னொண்ணு வாசல் கேமராவுக்கு."

"ரெண்டும் கறுப்பா இருக்கே."

"கேபிள் கறுப்பாத்தான் சார் வரும்."

"வர்றது வரும். அதுக்காக நாம அப்படியே விட்டுடணுமா?"

அப்படியே விடவில்லை. காண்ட்ராக்டரை அழைத்து உத்தரவு கொடுத்தார். காண்ட்ராக்டர், டைரக்டரின் மனைவிக்குத் தம்பி. அலுவலகம் மொத்தமும் அவனை மச்சினன் என்றே அழைத்தது. டைரக்டர் ஒருவர்தான் காண்ட்ராக்டர் என்பார். "சுவருக்குள்ள போற கேபிளுக்கு எதுக்கு அத்தான் பெயின்ட்டு?" என்று மச்சினன் நியாயமாகத்தான் கேட்டான். "உள்ளயும் சுத்தமா இருக்கணும்," என்றார் டைரக்டர். சொன்னபோது அவர் முகத்தில் ஒரு தெய்வக்களை வந்ததாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

எந்த வேலையையும் பாதிக்கு மேல் செய்து பழக்கமில்லாத மச்சினன், இந்த ஒன்றை மட்டும் அப்பழுக்கில்லாமல் செய்தான். பெயின்ட் ஒட்ட வேண்டுமே என்று இரண்டு கேபிளையும் முற்றத்தில் பிரித்துப் போட்டு, தின்னர் நனைத்த துணியால் ஆள் வைத்துத் துடைத்தான். கறுப்புத் தோலின் மேல் முழத்துக்கு முழம் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த வகை, எண், ஓம் கணக்கு எல்லாம் துணியோடு போயின. பிறகு இரண்டு பூச்சு வெள்ளை. காய்ந்ததும் இரண்டையும் சுவருக்குள் இழுத்து, அளவாக வெட்டி, முனைகளில் கனெக்டர் அடித்து, மேலே பளிங்குப் பலகை பதித்து, விளிம்பில் வெள்ளை சிமென்ட் பூசிவிட்டான். கேபிள் ஒரு விரற்கடைகூட அதிகமாக வெளியே தொங்கவில்லை.

இரண்டு கேபிளும் ஒரே தடிமன். எது எங்கே போயிற்று என்று பிறகு கேட்டபோது, "எது கைக்கு முதல்ல வந்துதோ அது மாடிக்கு," என்றான் மச்சினன்.

ரேடியோ மேசையில் உட்காருபவளை ஓட்டுநர்கள் மைக் அக்கா என்பார்கள். அவர்களில் ஒருவனுக்கு அவள் உண்மையாகவே அக்கா. ஏழாம் வண்டியை ஓட்டியவன் அவளுடைய தம்பி. மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்களெல்லாம் ஏழாம் வண்டிக்கு. கணவாயைத் தாண்டினால் கைபேசி வெறும் டார்ச் லைட். ரேடியோ ஒன்றுதான் பேசும். எந்தச் சாலையில் மரம் விழுந்திருக்கிறது, எந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் இருக்கிறார், எந்த ஆஸ்பத்திரியில் இருப்பதாகப் பலகையில் மட்டும் எழுதியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அவள் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். பழைய அறையில் கூரை ஒழுகியது. பழைய கேபிள் ஜன்னல் கம்பியில் கயிறு கட்டித் தொங்கியது. ஆனாலும் அவள் குரல் கணவாயைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

புதிய அறைக்கு மாறிய அன்று மற்ற வண்டிகளெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்லின. ஏழாம் வண்டி மட்டும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. இவள் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். அன்று சாயந்திரம் தம்பி வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்தான்.

"என் பொண்டாட்டி மேல இருக்கற கோவத்தை ரேடியோவுல காட்டாதே அக்கா. கூப்பிட்டா பதில் சொல்லு."

"டேய், தொண்டை கிழியக் கத்தினேன்டா."

"ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. உன் மூச்சுகூடக் கேக்கலை."

"நீ பேசினது எனக்கு அட்சரம் பிசகாம கேட்டுது. டீ குடிக்க வண்டியை நிறுத்தினது வரைக்கும்."

"டீ குடிச்சீங்களா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் தம்பி மனைவி. "ஒரு வாய் சாப்பிட நேரமில்லைன்னு என்கிட்ட சொன்னீங்க."

பேச்சு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. மைக் அக்காவுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

மறுநாள் இன்ஜினியரைப் பிடித்தாள். இன்ஜினியர் விஷயம் தெரிந்தவர். தெரிந்ததை யாரிடம் எந்த அறையில் சொல்லலாம் என்பதும் தெரிந்தவர். இவளை மாடிப்படிக்கு அடியில் அழைத்துப்போய்ச் சொன்னார்.

"ஒவ்வொரு கேபிளுக்கும் இம்பீடன்ஸ்னு ஒரு கணக்கு உண்டும்மா. நம்ம ரேடியோ ஐம்பது ஓம், மேல ஏரியலும் ஐம்பது. நடுவுல வர்ற கேபிளும் ஐம்பதா இருந்தாத்தான் உள்ள விடற சக்தி அப்படியே மேல போகும். டிவி, கேமராவுக்குன்னு வர்றது எழுபத்தஞ்சு. அதை நடுவுல மாட்டினா, போறதுல ஒரு பங்கு முட்டித் திரும்பி வரும். திரும்பி வர்றதைப் பார்த்தா ரேடியோ பயந்துடும். எரிஞ்சு போயிடக் கூடாதேன்னு தானே சக்தியைக் குறைச்சுக்கும். பக்கத்துல இருக்கற வண்டிக்கு அது போதும். கணவாயைத் தாண்டாது."

"அப்ப தம்பி பேசறது மட்டும் எப்படி சார் கேக்குது?"

"கேக்கறதுக்கு என்னம்மா, காதைத் திறந்து வெச்சிருந்தா போதும். சொல்றதுக்குத்தான் சக்தி வேணும். நம்ம ஆபீஸ்லயே பாரேன்."

"எழுத்து அழிஞ்சுபோன கேபிள் எதுன்னு கண்டுபிடிக்க வழியே இல்லையா?"

"வழியெல்லாம் நிறைய இருக்கு. முனையை வெட்டி, நடுக் கம்பி எவ்வளவு தடிமன், அதைச் சுத்தி இருக்கற பிளாஸ்டிக் எவ்வளவு தடிமன்னு அளந்தாலே தெரிஞ்சுடும். ஐம்பதுக்கு நடுக் கம்பி தடியா இருக்கும், எழுபத்தஞ்சுக்கு மெலிசு. ஆனா வெட்டினா கேபிள் எட்டாது. உங்க மச்சினன் அவ்வளவு அளவா வெட்டி வெச்சிருக்கான்."

"எங்க மச்சினன் இல்லை சார்."

"வெட்டாமலும் பார்க்கலாம்," என்றார் இன்ஜினியர். சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்பதுபோல் படிக்கட்டை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபோது பார்த்தார்கள். மேலே ஏரியல் பக்கத்து முனையைக் கழற்றிவிட்டு, கீழே ரேடியோ பக்கத்து முனையைத் தன் மீட்டரில் மாட்டினார் இன்ஜினியர். கேபிள் எவ்வளவு மின்சாரத்தைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று அந்த மீட்டர் காட்டும். அதைக் கேபிளின் நீளத்தால் வகுத்தால், ஒரு மீட்டருக்கு நூறு பிகோஃபாரட் பக்கம் வந்தால் ஐம்பது ஓம் வகை. அறுபத்தேழு பக்கம் வந்தால் எழுபத்தைந்து. இன்ஜினியர் உள்ளங்கையில் பேனாவால் வகுத்துப் பார்த்தார். இன்னொரு தரம் வகுத்தார். பிறகு, ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் நோயின் பெயரைச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார்.

"எழுபத்தஞ்சும்மா."

"அப்ப நல்ல கேபிள்?"

"வாசல் கேமராவுக்குப் போயிருக்கு."

இருவரும் திரையைப் பார்த்தார்கள். டைரக்டரின் கார் நிற்கும் இடத்தைக் கேமரா காட்டிக்கொண்டிருந்தது. காருக்குப் பக்கத்தில் காரின் நிழல்போல் இன்னொரு கார் லேசாகத் தெரிந்தது. அதைத் தவிரக் குறையொன்றுமில்லை.

"மாத்திடலாமே சார்."

"மாத்தணும்னா பளிங்கை உடைக்கணும். திறப்பு விழாக் கல்வெட்டு அந்தப் பளிங்குலதான் பதிச்சிருக்கு. வெள்ளிக்கிழமை மேலிடத்துப் பெரியவர் வந்து திறக்கப்போறார். அப்புறம், வேலை முடிஞ்சுதுன்னு நான் கையெழுத்துப் போட்டாச்சு."

"வேலை முடியறதுக்கு முன்னாடியேவா?"

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே," என்றார் இன்ஜினியர், உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்தபடி.

"பழைய கேபிளை ஜன்னல் வழியா விட்டு மாட்டிடுங்களேன்."

இன்ஜினியர் அறையைச் சுற்றிக் கண்ணால் ஒரு வட்டம் வந்தார். புதிய அறைக்கு ஜன்னல் கிடையாது. பால் பதப்படுத்தும் நிலையத்துக்கும் இருந்திருக்காது.

மைக் அக்கா சும்மா இருக்கவில்லை. ஏழாம் வண்டிக்குக் குரல் எட்டவில்லை என்று எழுதிக் கொடுத்தாள். டைரக்டர் கூட்டம் கூட்டினார். கூட்டம் கூட்டுவதில் அவருக்கு இருந்த சுறுசுறுப்பை எந்த ஆம்புலன்ஸும் இதுவரை காட்டியதில்லை.

"கேபிள்ல ஓம் தெரியலைங்கறீங்க. ஓம் பார்க்கற மீட்டர் நம்மகிட்ட இருக்கா இல்லையா?" என்றார்.

இருந்தது, மின்தடை பார்க்கும் சாதாரண மீட்டர். அதைக் கொண்டுவந்து, கேபிளின் நடுக் கம்பியில் மீட்டரின் ஒரு முனையையும் அதைச் சுற்றியிருந்த உலோக வலையில் மறு முனையையும் டைரக்டரே தன் கையால் வைத்தார். திரையின் இடது ஓரத்தில் '1' என்று வந்து நின்றது. 'என்னால் அளக்க முடியாது' என்பதை அந்த மீட்டர் அப்படித்தான் சொல்லும். இன்ஜினியருக்கு அது தெரியும். படித்த எல்லாருக்கும் தெரியும். அந்த அறையில் படித்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

"ஒண்ணு," என்றார் டைரக்டர். "எழுபத்தஞ்சு கூடாது, ஐம்பது போதும்னீங்க. இங்க ஒண்ணுதான் இருக்கு. கம்மியா இருந்தா நல்லதுதானே?"

எல்லாரும் இன்ஜினியரைப் பார்த்தார்கள்.

"ஒரு விதத்துல பார்த்தா, சார்..." என்று இழுத்தார் இன்ஜினியர். அந்த ஒரு விதத்தை வைத்துக்கொண்டுதான் அவர் நாலு டைரக்டர்களைக் கடந்து வந்திருந்தார்.

"சார், இன்ஜினியர் சாரே நேத்து மீட்டர் வெச்சுப் பார்த்துட்டார்," என்றாள் மைக் அக்கா. "எழுபத்தஞ்சுன்னு சொன்னார்."

டைரக்டர் இன்ஜினியர் பக்கம் நாற்காலியோடு திரும்பினார்.

"பார்த்தீங்களா?"

"நான் பார்த்தது ஃபாரட்ல, சார்."

"பிரச்சினை ஓம்ல. நீங்க பார்த்தது ஃபாரட்ல. ரெண்டும் ஒண்ணா?"

"வேற வேறதான் சார்."

"முடிஞ்சுது," என்றார் டைரக்டர். பிறகு மைக் அக்காவைப் பார்த்துப் பரிவாகவே சொன்னார்: "உங்க தம்பி வண்டியில இருக்கற செட்டு பழசும்மா. அதைப் பார்க்கச் சொல்லுங்க. குடும்ப விஷயத்தை ஆபீஸுக்குள்ள கொண்டு வராதீங்க."

டைரக்டரின் வலப்பக்கம் உட்கார்ந்திருந்த மச்சினன் இந்த இடத்தில் தலையை ஆழமாக ஆட்டினான்.

இருந்தாலும் புகார் என்று ஒன்று வந்துவிட்டதால் ஏதாவது செய்தாக வேண்டும். முதலில் ஏழாம் வண்டியின் செட்டைத் துடைத்து மாட்டி, முற்றத்தில் நிறுத்திப் பேசிப் பார்த்தார்கள்; பக்கத்தில் நின்றதால் கணீரென்று கேட்டது, கோளாறு தீர்ந்தது என்று தம்பியும் நம்பிவிட்டான். யோசித்துப் பார்த்ததில், கேபிளில் எழுத்து இல்லை என்பதுதானே அடிப்படைக் குறை என்பது டைரக்டருக்குப் புலப்பட்டது. எழுத்துப் போட்டுவிட்டால் குறை நீங்கியது. மச்சினனே '50 ஓம்' என்று பொன்னிற எழுத்தில் ஸ்டிக்கர் அடித்துக் கொண்டுவந்தான். சுவரிலிருந்து எட்டிப்பார்த்த கேபிளின் கழுத்தில் ஒன்று ஒட்டினார்கள். மீதியை வீணாக்க வேண்டாமென்று கேமரா கேபிளிலும் ஒன்று ஒட்டினார்கள். ஆக, இரண்டில் ஒன்று உண்மையாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை இன்ஜினியர் மைக் அக்காவின் மேசையோரம் வந்து நின்றார். கூட்டத்துக்குப் பிறகு அவளை நேராகப் பார்ப்பதைத் தவிர்த்துவந்தவர், அன்றும் மைக்கைப் பார்த்தே பேசினார்.

"பழைய கேபிளை எடுத்து வெளிய சுத்தி வெச்சிருக்கேன். சாயந்திரம் எல்லாரும் போனதும் கதவிடுக்கு வழியா விட்டு மாட்டிடறேன். ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்."

"இப்பவே மாட்டிடுங்க சார். அவன் இன்னிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கான்."

"ஒரு பகல்தானேம்மா," என்றார்.

அன்று காலை மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்த சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்திருந்தது: ஆபரேஷன் அறைக் கூரையில் தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது, டாக்டர்களை அனுப்பிவிட்டோம், நாளைவரை யாரையும் கொண்டுவர வேண்டாம். மைக் அக்கா எல்லா வண்டிகளுக்கும் சொன்னாள். ஏழாம் வண்டிக்குத் திரும்பத் திரும்பச் சொன்னாள். கேட்க வேண்டிய தேவையுள்ள வண்டி அது ஒன்றுதான்.

விழாவுக்கென்று ஏழாம் வண்டியைத் தவிர மற்ற எல்லா வண்டிகளையும் முற்றத்தில் வரிசையாக நிறுத்திக் கழுவியிருந்தார்கள். பெரியவர் வந்தார். நாடாவை வெட்டினார். மைக் அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து, மைக்கைக் கையிலெடுத்து, சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற முதலாம் வண்டியைக் கூப்பிட்டார். "தங்கள் குரல் கணீரென்று கேட்கிறது ஐயா," என்று எழுதிக் கொடுத்ததைப் படித்தான் ஓட்டுநர். ரேடியோவிலும் கேட்டது, கதவு வழியாகவும் கேட்டது. எல்லாரும் கை தட்டினார்கள்.

டீ வந்தது. பெரியவருக்கு அந்த நாற்காலி பிடித்துப்போயிருந்தது. அதிலேயே சாய்ந்துகொண்டு டீ குடித்தார். அப்போது கூரையில் பதித்த ஒலிபெருக்கிகளிலிருந்து தம்பியின் குரல் வந்தது.

"ஏழு பேசறேன். ஒரு கொத்தனார் சாரத்துலேர்ந்து விழுந்துட்டார். வெளிக்காயம் ஒண்ணும் இல்லை, வயிறு கல்லு மாதிரி இருக்கு. பிரியற ரோட்டுக்கு வந்துட்டேன். இடது பக்கம் சின்ன ஆஸ்பத்திரிக்குப் போறதா, வலது பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறதா? சொல்லு."

"அடடா," என்றார் பெரியவர். "பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்கே."

"மலைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ஐயா," என்றார் டைரக்டர்.

மைக் அக்கா பெரியவரின் தோளுக்கு மேலாகக் குனிந்து மைக்கை இழுத்தாள். "ஏழு, வலது பக்கம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. சின்ன ஆஸ்பத்திரி மூடியிருக்கு. வலது பக்கம்டா." பொத்தானை விட்டாள். கூரை சும்மா இருந்தது.

"அக்கா, இருக்கியா? பதில் இல்லையே. சரி, பக்கத்துல இருக்கறதுக்கே போறேன். இடது பக்கம் திரும்பறேன்."

சின்ன ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியில் அடித்தாள். காலியான கட்டடத்துக்குள் அது அடித்துக்கொண்டே இருந்தது. முற்றத்துக்கு ஓடி, முதலாம் வண்டியின் ரேடியோவில் கத்திப் பார்த்தாள். முற்றத்தின் பள்ளத்தில் நின்ற வண்டியின் குரல் மலையில் ஏறவில்லை. "மேட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பேசறேன் அக்கா," என்று ஓட்டுநர் சாவியைத் திருப்பினான். வாசலை அடைத்துக்கொண்டு பெரியவரின் கார்கள் நின்றன. கார் ஓட்டிகள் எங்கே என்று கேட்டால், சாப்பாட்டுக் கூடாரத்தைக் காட்டினார்கள். அங்கே அவர்களைத் தேட ஆள் ஓடினான்.

அவள் திரும்பி ஓடிவந்தபோது, அறை வாசலில் இன்ஜினியர் பழைய கேபிள் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே வர ஒரு காலை எடுத்து வைத்தும்விட்டார். டைரக்டர் பல்லிடுக்கில் சிரித்தபடி, "போட்டோ எடுக்கறாங்க, அதைக் கொண்டுபோய் வெளிய வைங்க," என்றார். வைத்த காலை இன்ஜினியர் எடுத்துக்கொண்டார். எட்டவும் போகவில்லை, உள்ளேயும் வரவில்லை. கதவுக்கு வெளியே, சுருள் தோளில் தொங்க, அப்படியே நின்றார்.

"அக்கா," என்றது கூரை. "சின்ன ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கறேன். உள்ள ஒருத்தரையும் காணோம். வாட்ச்மேன் மட்டும் இருக்கார். டாக்டர் வந்துடுவார், இருங்கங்கறார். அவர் சொல்றதை நம்பறதான்னு தெரியலை."

"நம்பாதே," என்றாள் மைக் அக்கா. "திருப்பு. வண்டியைத் திருப்புடா. டாக்டர் வரமாட்டார்."

"அந்த வாட்ச்மேன் இருமறதுகூடக் கேக்குது," என்று பெரியவர் பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் ஆமோதித்தார். டைரக்டர் அடக்கத்தோடு தரையைப் பார்த்தார்.

"இவரால இன்னொரு தடவை குலுங்கற ரோட்டுல வர முடியாது போலிருக்கு," என்றான் தம்பி. "முனகறதும் நின்னுடுச்சு. நான் ஒண்ணு செய்யறேன் அக்கா. ஏதாவது கோளாறுன்னா நீ எப்பவும் சொல்லிடுவ. இங்க நிக்க வேண்டாம்னா சொல்லு, பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போறேன். நீ ஒண்ணும் சொல்லலைன்னா, சரிதான்னு எடுத்துக்கறேன்."

மைக் அக்கா பொத்தானை அழுத்தினாள். வேண்டாம் என்றாள். நிற்காதே என்றாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ரேடியோவில் சொல்லக்கூடாத, சின்ன வயதில் அவனைக் கூப்பிட்ட பெயரையும் சொன்னாள். கேபிளின் கழுத்தில் இருந்த பொன்னிற ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னாள். பெரியவர் நாகரிகமாக நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி, அவளுக்கு இடம் விட்டார்.

பொத்தானை விட்டாள்.

கூரையில் வண்டியின் இன்ஜின் சத்தம் கேட்டது. பிறகு அதை அவன் அணைப்பது கேட்டது.

"சரி அக்கா," என்றான். "அப்ப நிக்கறேன்."